க்ளோன் செய்த நாளோடு சரி

கூகுளில் ‘வெப் சைட் கிரியேட்டட் யூசிங் கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் தளங்கள் வந்துகொண்டே இருக்கும். யாரோ ஒருவரின் கல்லூரி புராஜெக்ட், யாரோ ஒருவரின் கடை, முகவரியும் தொலைபேசி எண்ணும் போட்டு நிஜமாகவே வியாபாரம் நடத்தும் நிறுவனங்கள். தளத்தின் பெயருக்குக் கீழே ‘நாங்கள் இன்ன தொழில் செய்கிறோம்’ என்று வர வேண்டிய இடத்தில் இந்த வாசகம் உட்கார்ந்திருக்கும். அதைக் கடைக்காரர் எழுதவில்லை. தளத்தைக் கட்டிய புரோகிராமரும் எழுதவில்லை. ஃபேஸ்புக் வெளியிட்ட டெம்ப்ளேட்டின் எச்டிஎம்எல் கோப்பில் மாதிரிக்காக இருந்த ஒரு வரி அது. மாற்றிக்கொள்வார்கள் என்று நம்பித்தான் வைத்திருந்தார்கள்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு இது வாட்ஸ்அப்பில் தெரியவந்தது. ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொள்வதற்காக ஒரு தளம் கட்டச் சொல்லியிருந்தார். லிங்க்கை அனுப்பினால் அதன் கீழே சின்ன எழுத்தில் அந்த வரி. தளம் பிறகு பழுது பார்க்கக் கோவைக்கு வந்தது. ஏற்றுமதியாளர் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்க, இந்த கிரியேட் ரியாக்ட் ஆப்ங்கிறது யாருங்க? முதல்ல செஞ்சவரு நம்ம வேலைய அவங்களுக்கு சப்-காண்ட்ராக்ட் விட்டுட்டாருங்களா?”

எதிரில் இருந்த பொறியாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ‘இல்லைங்க’ என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒரு வகையில் அப்படித்தான்.

அவர் கோவையில் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறார். ஸ்பின்னிங் மில், பள்ளிக்கூடம், பதிப்பகம், கிளினிக் என்று வருகிறவர்களுக்கு வெப் அப்ளிகேஷன் கட்டித் தருவது தொழில். ஜேக்குவரி காலத்தில் உள்ளே வந்தவர். இன்று எந்தப் புது வேலையையும் வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குவதில்லை. லாகின், டேட்டாபேஸ் இணைப்பு, ஸ்டைல், டெஸ்ட், டிப்ளாய் எல்லாவற்றையும் முன்கூட்டியே கோத்து வைத்த ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் ஒன்றை க்ளோன் செய்து, என்பிஎம் இன்ஸ்டால் அடித்தால், டீ வருவதற்குள் பிரவுசரில் ஒரு பக்கம் ஓடத் தொடங்கிவிடும். அந்த வசதியை அவர் குறை சொல்வதே இல்லை. கிளையன்ட்டுக்கு முதல் வாரத்திலேயே எதையாவது காட்டியாக வேண்டும். வெப்பேக்கை எவ்வளவு அழகாகக் கட்டமைத்தோம் என்பதற்கு எந்த மில் முதலாளியும் பணம் தரப் போவதில்லை.

ஆனால் பக்கம் ஓடத் தொடங்கியதும் அவர் செய்வது குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எரிச்சல் தரும். ஒரு வரி எழுத விடமாட்டார். டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து வாசிக்கச் சொல்வார். டிஎஸ்கான்ஃபிக், ஈஎஸ்லின்ட், மிடில்வேர், டாக்கர்ஃபைல், கிட்ஹப்பில் தானாக ஓடும் வேலைகளின் கோப்பு வரை.

“ஓடுதுல்லங்க்கா, அப்புறம் எதுக்கு இதையெல்லாம் நோண்டோணும்?”

“ஓடுது தம்பி. யாரு சொல்லி ஓடுதுன்னு பார்த்துக்கோ.”

இந்த வாசிப்புப் பழக்கம் அவருக்கு எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. பால் ஐரிஷும் திவ்யா மணியனும் 2010இல் வெளியிட்டது. இன்றைய கிட்களோடு ஒப்பிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. ஒரு எச்டிஎம்எல் பக்கம், ஒரு ஸ்டைல் கோப்பு, 404 பக்கம், ஐபோனில் சேமித்தால் வரும் ஐகான், ரோபாட்ஸ் கோப்பு, அதற்குப் பக்கத்திலேயே தளத்தைச் செய்த மனிதர்களின் பெயரைப் போடுவதற்கு ஹியூமன்ஸ் என்று ஒரு கோப்பு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7, 8 ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் தலையில் தனித்தனிக் கிளாஸ் பெயர். அப்பாச்சி சர்வருக்கான கோப்பில் கேஷ், சுருக்கம் எல்லாம். அதில் பெரிய விஷயம் கமென்ட்டுகள். இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, எடுத்தால் எந்த பிரவுசரில் என்ன உடையும் என்று விளக்கம் இருந்தது. கல்லூரியில் யாரும் சொல்லித் தராத பாடத்தை ஒரு டெம்ப்ளேட்டின் கமென்ட்டுகளில் படித்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர்.

அதற்கும் முன்னால் ரூபி ஆன் ரெயில்ஸ். டேவிட் ஹைன்மியர் ஹான்சன் பேஸ்கேம்ப்பைக் கட்டும்போது உருவானதைத் தனியாகப் பிரித்து 2004இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டிக் காட்டும் வீடியோ வந்தது. அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் வேகத்தைத்தான் பார்த்தார்கள். உண்மையில் அங்கே நடந்தது வேறு. எந்தக் கோப்பை எங்கே வைப்பது, டேபிளுக்கு என்ன பெயர் என்ற கேள்விகளுக்கெல்லாம் ரெயில்ஸ் முன்பே பதில் சொல்லிவிட்டது. ஒத்துக்கொண்டவர்களுக்கு வேகம் கிடைத்தது. ஒத்துக்கொள்ளாதவர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் உலகத்துக்கு அந்த நிம்மதி தாமதமாகத்தான் வந்தது. 2015இல் ரியாக்ட் படிக்க வந்தவர்கள் ரியாக்ட்டைப் பார்ப்பதற்கு முன் வெப்பேக்கிடமும் பேபலிடமும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பட்டனைத் திரையில் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது போய்விடும். 2016 ஜூலையில் ஃபேஸ்புக் கிரியேட் ரியாக்ட் ஆப்பை வெளியிட்டபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு அந்த வலியின் அளவைக் காட்டியது. ஒரே கட்டளை போதும். வெப்பேக், பேபல் அமைப்புகள் எல்லாம் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஒரே பேக்கேஜுக்குள் ஒளிந்திருக்கும். புராஜெக்ட்டில் உங்கள் கோடு மட்டும்.

ஒளித்து வைத்ததை வெளியே எடுக்க ஒரு கட்டளையும் வைத்திருந்தார்கள்: எஜெக்ட். அதை அடித்தால் அத்தனை கட்டமைப்புக் கோப்புகளும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வந்து கொட்டும். பேக்கேஜ் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்காது. திரும்பிப் போக வழி கிடையாது என்று கட்டளையே எச்சரித்துத்தான் ஓடும். இருந்தும் ஒரு பேபல் பிளகினைச் சேர்ப்பதற்காக, ஒரு லெஸ் கோப்பை உள்ளே கொண்டுவருவதற்காக எஜெக்ட் அடித்தவர்கள் ஏராளம். திருப்பூர்த் தளமும் அப்படி எஜெக்ட் செய்யப்பட்டதுதான்.

அதன் விலை 2021 அக்டோபரில் தெரிந்தது. நோட் 17 வெளிவந்தது. அதற்குள் ஓப்பன்எஸ்எஸ்எல் 3. எம்டி4 என்ற மிகப் பழைய ஹாஷ் முறையை ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஓரங்கட்டி வைத்திருந்தது. வெப்பேக் 4 தன் கோப்புத் துண்டுகளுக்கு அடையாளம் போட அந்த எம்டி4ஐத்தான் பயன்படுத்திவந்தது. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெறும் அடையாளம். ஆனாலும் சர்வரில் யாரோ நோட்டைப் புதுப்பித்ததும், மாதக்கணக்கில் யாரும் தொடாத தளம் பில்டு ஆகாமல் நின்றது. ‘டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்’ என்றது பிழைச் செய்தி. ரியாக்ட்டில் பட்டன் கட்டத் தெரிந்த ஒருவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கூட இல்லை.

அப்போது கைக்குக் கை பரவிய வைத்தியம் ஒன்று உண்டு. நோட்டுக்கான என்விரான்மென்ட் வேரியபிளில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர்’ என்று வைத்தால் பில்டு ஓடிவிடும். ஓடும்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் ஒதுக்கி வைத்த பலவீனமான முறைகளெல்லாம் அந்த புராசஸுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பில்டு செய்யும் கணினியோடு அது நின்றால் பெரிய கேடில்லை. ஆனால் பலர் அதை டாக்கர்ஃபைலில் எழுதினார்கள். பில்டு முடிந்த பிறகு மக்களுக்குச் சேவை செய்யும் சர்வரும் அதே வேரியபிளோடு ஓடியது. பழுதுக்கு வரும் தளங்களில் கோவைப் பொறியாளர் முதலில் தேடுகிற வரிகளில் இன்றைக்கும் இது ஒன்று.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே கிரியேட் ரியாக்ட் ஆப் 5 வந்தது, வெப்பேக் 5ஓடு. எஜெக்ட் அடிக்காதவர்கள் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸின் பதிப்பு எண்ணை ஏற்றினார்கள். ஏதாவது சில்லறைச் சிக்கல்களோடு பெரும்பாலும் தப்பித்தார்கள். எஜெக்ட் அடித்தவர்கள் அத்தனை கட்டமைப்புக் கோப்புகளையும் கையால் மாற்ற வேண்டியிருந்தது. அவை இப்போது அவர்களுடைய கோப்புகள் அல்லவா? எழுதியது அவர்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

தொழிலில் இருப்பவர்களே குழப்பிக்கொள்கிற இடம் இது. லைப்ரரி என்பது வெளியே ஒருவர் பராமரிப்பது. நம் புராஜெக்ட் அதன் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் வைத்திருக்கும். அங்கே ஓட்டை அடைத்தால், எண்ணை மாற்றினால் போதும், நமக்கும் வந்து சேரும். டெம்ப்ளேட் நகல். க்ளோன் செய்த நிமிடத்தோடு அதற்கும் மூலத்துக்கும் உறவு முடிந்தது. மூலத்தில் ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு பிழையைத் திருத்தினால், அது உங்கள் நகலுக்கு வராது. திருத்தினார்கள் என்ற செய்தி கூட வராது. குடிபோன வீட்டின் சுவரில் முன்பிருந்தவர் அடித்துவிட்டுப்போன ஆணிகள் போலத்தான்: எது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியும், பிடுங்கும்போது சுண்ணாம்பு பெயர்வது நம் தலையில்.

இந்த உறவை அறுக்காமல் வைக்கச் சிலர் முயன்றிருக்கிறார்கள். ரெயில்ஸில் புதுப் பதிப்புக்குப் போகும்போது ஒரு கட்டளை அடித்தால், பழைய அமைப்புக் கோப்புக்கும் புதிய மாதிரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சம்மதம் கேட்கும். ஆங்குலரில் ‘என்ஜி அப்டேட்’ நம் கோடையே திருத்தித் தரும். பைதான் பக்கம் காப்பியர் என்று ஒரு கருவி, டெம்ப்ளேட் மாறினால் அதிலிருந்து பிறந்த புராஜெக்ட்டுக்கும் மாற்றத்தைக் கொண்டுவரும். கிட்ஹப்பில் நட்சத்திரம் வாங்கிக் குவிக்கும் பெரும்பாலான ஸ்டார்ட்டர் கிட்களில் அப்படி எதுவும் கிடையாது. எடுத்துக்கொள், போய்விடு.

அதனால் அவர் குழுவின் ஒவ்வொரு ரெப்போவிலும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எந்த டெம்ப்ளேட், எந்த கமிட், எந்தத் தேதியில் எடுத்தது, எடுத்தவுடன் எதையெதை நீக்கினோம். இதைப் பார்த்துக் கிண்டல் செய்தவர்கள் 2025 டிசம்பரில் வாயை மூடிக்கொண்டார்கள். டிசம்பர் 3 அன்று ரியாக்ட் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரியாக்ட் 19இன் சர்வர் காம்பொனன்ட்ஸில் ஓட்டை. வெளியிலிருந்து ஒருவர், லாகின் கூட இல்லாமல், அதற்கென்று தயாரித்த ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பி சர்வரில் தனக்கு வேண்டியதை ஓட்டலாம். சிவிஇ-2025-55182, தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். ரியாக்ட்டை வைத்துக் கட்டும் நெக்ஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் கிரியேட் நெக்ஸ்ட் ஆப் கட்டளையை அடித்து, சொந்தமாக ஒரு வரி கூட எழுதாமல் அப்படியே டிப்ளாய் செய்த தளமும் மாட்டும் என்பதுதான் அதில் கொடுமை. திருத்தம் சுலபம், பதிப்பை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமானது வேறு: எந்தக் கிளையன்ட்டின் எந்தத் தளம் எந்தப் பதிப்பில் நிற்கிறது? டெமோவுக்காக ஏற்றிவிட்டு மறந்துபோன சர்வர் எத்தனை? டெக்ஸ்ட் கோப்புகள் இருந்ததால் அந்தப் பட்டியலை அன்றைக்கே போட முடிந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் வந்தது இன்னும் போதனையான சம்பவம். நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸின் மிடில்வேரை, ரிக்வெஸ்ட்டில் ஒரு குறிப்பிட்ட ஹெடரைச் சேர்த்தால் முழுதாகத் தாண்டிவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். நெக்ஸ்ட் குழு திருத்தியது. ஆனால் ‘இவர் லாகின் ஆனவரா’ என்ற சோதனையை மிடில்வேரில் மட்டும் வைக்கும் பாணி டெம்ப்ளேட்டுகளில் பரவலாக இருந்தது. பார்க்க அழகு, ஒரே கோப்பில் எல்லாம் முடிந்துவிடும். பதிப்பை ஏற்றினால் அன்றைய ஓட்டை அடைபடும், பாணி மாறாது. வாசலில் மட்டும் காவல், உள்ளே ஒவ்வோர் அறையும் திறந்து கிடக்கிறது. அவர் குழு பழைய தளங்கள் அத்தனையிலும் அந்தச் சோதனையை டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்தது. சலிப்பூட்டும் வேலை. கிளையன்ட்டுக்கு பில் போடவும் முடியாது.

கிரியேட் ரியாக்ட் ஆப்பின் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வந்ததும், புதிதாக கிரியேட் ரியாக்ட் ஆப்பை ஓட்டியவர்களுக்கு டெஸ்ட் பேக்கேஜ்களின் பதிப்பு முரண்பாட்டால் முதல் நிமிடத்திலேயே பிழை வந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், ரியாக்ட் குழு அதற்கு அதிகாரபூர்வமாக விடைகொடுத்தது. நெக்ஸ்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குக்குப் போங்கள், அல்லது எவன் யூ 2020இல் தொடங்கிய வீட் போன்ற பில்டு கருவிக்குப் போங்கள் என்றார்கள். கல்லூரிப் பாடத்திட்டங்களில் கிரியேட் ரியாக்ட் ஆப் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தமிழில் தளம் கட்டுகிறவர்களுக்கு டெம்ப்ளேட்டின் முடிவுகள் வேறொரு பக்கத்திலிருந்து வந்து இடிக்கும். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் யாருக்கும் தோன்றவே தோன்றாது.

சின்னப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகக் கடை. எடுத்த ஸ்டார்ட்டர் நல்ல பெயர் வாங்கியது, கோடும் சுத்தம். புத்தகத்தின் தலைப்பிலிருந்து பக்க முகவரியைத் தானாக உருவாக்கும் ஸ்லக் ஃபங்ஷன் அதில் இருந்தது. தலைப்பை எடுத்து, ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் எண்களும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கும். தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் மிஞ்சுவது வெற்றிடம். முதல் புத்தகம் வெற்று முகவரியோடு சேமிக்கப்பட்டது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது புத்தகத்தை ஏற்றியபோது, இந்த முகவரி ஏற்கெனவே இருக்கிறது என்று டேட்டாபேஸ் மறுத்தது. இல்லாத முகவரி ஏற்கெனவே இருக்கிறதாம்.

குழுவில் இருந்த இளைஞர் இணையத்தில் தேடி, யூனிகோடில் எந்த மொழி எழுத்தானாலும் விடும்படி ரெகெக்ஸை மாற்றினார். எழுத்து என்ற வகையை மட்டும் அனுமதிப்பது அது. கணக்குப்படி சரி. ஆனால் யூனிகோடில் தமிழின் துணைக்கால், கொம்பு, விசிறி, புள்ளி எதுவும் எழுத்து வகையில் சேராது. குறி என்று தனி வகை. ‘சிவகாமியின் சபதம்’ உள்ளே போய் ‘சவகமயன சபதம’ என்று வெளியே வந்தது. பதிப்பாளர் பக்தர். முகவரியில் சிவம் சவமானதைப் பார்த்துவிட்டு, ஃபோனில் பேசாமல் நேரில் வந்தார்.

குறி வகையையும் சேர்த்ததும் தலைப்பு முழுதாக வந்தது. அடுத்த சிக்கல், நீளம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு மாற்றி எழுதினால் ஒவ்வொரு பைட்டுக்கும் 3 இடம். ‘சிவகாமியின்’ என்ற ஒரே சொல்லில் 11 குறியீடுகள். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் 99 எழுத்துக்கு நீளும். கடைசியில், முகவரியின் முதலில் புத்தகத்தின் எண், அதன் பின்னால் தமிழ்த் தலைப்பு என்று வைத்தார்கள். தலைப்பை வெட்டி எண்ணோடு அனுப்பினாலும் பக்கம் திறக்கும்.

எழுத்துரு விஷயத்தை எந்தத் தமிழ்ப் புரோகிராமரைக் கேட்டாலும் புலம்புவார். டெம்ப்ளேட்டில் இன்டர் அல்லது கைஸ்ட் ஃபான்ட், அதிலும் லத்தீன் எழுத்துகள் மட்டும். ஆங்கிலம் அழகாக வரும். தமிழுக்கு அந்தக் கருவியில் என்ன கிடக்கிறதோ அது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. தலைப்புகளுக்கு டெயில்விண்டில் எழுத்து இடைவெளியைக் குறைத்து, வரி உயரத்தை ஒன்றாக வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் கச்சிதம். தமிழில் ‘கீ’யின் சுழியும் ‘ஸ்ரீ’யின் வாலும் வெட்டுப்படும். எல்லாவற்றையும் கேப்பிடல் ஆக்கும் கிளாஸ் மட்டும் தமிழுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை, பாவம்.

கண்ணுக்கே தெரியாதது இன்னொன்று. பக்கத்தின் முதல் டேகில் மொழி ‘ஈஎன்’ என்று இருக்கும். அதை மாற்றாமல் முழுத் தளத்தையும் தமிழில் எழுதி முடித்தவர்கள் உண்டு. பார்வையுள்ளவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. என்விடிஏ போன்ற ஸ்க்ரீன் ரீடர் அந்த இரண்டெழுத்தை நம்பித்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருந்தும், ஆங்கிலக் குரலை வைத்துத் தமிழை வாசிக்க முயலும். இரண்டே எழுத்தை மாற்றினால் தீரும் குறை.

தேதியும் இப்படித்தான். சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 12 மணிக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் ஆர்டர் போட்டால், சர்வர் வரைந்த பக்கத்தில் முந்தைய நாள், பிரவுசர் வரைந்ததில் இன்றைய நாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ரியாக்ட் கன்சோலில் கத்தும். பகலில் வேலை பார்க்கும் டெவலப்பரின் கணினியில் இது ஒருநாளும் நடக்காது. அங்கே சர்வரும் பிரவுசரும் ஒரே லேப்டாப். தேதி எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ஆசியா-கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

பணம் வாங்கும் பகுதியைக் குழு முழுதாகப் பிடுங்கிப் போட்டுவிடுகிறது. சந்தா விற்கும் கிட்களில் ஸ்ட்ரைப் இருக்கும். கார்டு எண்ணை ஒருமுறை வாங்கிக்கொண்டு மாதா மாதம் தானாகக் கழிக்கும் கணக்கு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த பிறகு, இங்கே தொடர் கட்டணத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்ப வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ஆனது. டெம்ப்ளேட் இதை எதிர்பார்க்கவே இல்லை. இரண்டாம் மாதம் கட்டணம் விழாவிட்டால், வாடிக்கையாளர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக் கணக்கை முடக்கிவிடும்.

இப்போது குழுவிடம் சொந்தமாக ஒரு ஸ்டார்ட்டர் இருக்கிறது. அடித்துப் பிடித்துப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. மூன்று கிளையன்ட்டுகளுக்குத் தேவைப்பட்டது எதுவோ அதற்கு மட்டும் உள்ளே இடம். சேர்க்கலாமா என்று நடக்கும் சண்டையைவிட நீக்கலாமா என்று நடக்கும் சண்டைதான் அதிகம். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் வேலை, வெற்று லேப்டாப்பில் ரீட்மீயை மட்டும் பார்த்து அதை ஓட வைப்பது. எங்கே தடுக்கி விழுந்தாரோ அதை அவரே ரீட்மீயில் எழுத வேண்டும். “இதக்கூடவா எழுதோணும்ங்க்கா?” என்பார்கள். எழுதத்தான் வேண்டும்.

ஏஐயிடம் கேட்டால் நொடியில் ஒரு ஸ்டார்ட்டர் தருகிறதே என்ற கேள்வியும் வருகிறது. தருகிறது. நெக்ஸ்ட், டெயில்விண்ட், ஷாட்சிஎன் என்று ஒரே வார்ப்பில் தருகிறது. தமிழ்த் தளம் என்று சொல்லிக் கேட்டபோதும் ஸ்லக் ஃபங்ஷன் தமிழைத் துடைத்தெடுத்ததை அவர் பார்த்திருக்கிறார். வாசிக்க வேண்டிய கோப்புகள் குறையவில்லை. கமென்ட் போட்டு விளக்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

சொந்த ஸ்டார்ட்டரைச் செய்தபோது வெளியார் டெம்ப்ளேட்டுகளில் இருந்தவற்றில் முதலில் தூக்கப்பட்டது பெயர்ப் படிவம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம், இரண்டிலும் குறைந்தது 2 எழுத்து. இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்ட அத்தனை பேரையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இப்போது ஒரே பெட்டி. பின்கோடு 6 இலக்கம், சைபரில் தொடங்காது. மொபைல் எண் 10 இலக்கம், 6 முதல் 9க்குள் ஓர் எண்ணில் தொடங்கும்.

அடுத்துப் போனது மின்னஞ்சல் லாகின். இமெயிலுக்கு லிங்க் அனுப்பி அதைத் தட்டினால் உள்ளே போகும் ஏற்பாடு கிட்களில் பிரபலம். மில் சூப்பர்வைசர் இமெயில் பார்ப்பதில்லை. அவருக்கு ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டிஎல்டி பதிவு தேவை. முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், பான் கார்டும் அனுமதிக் கடிதமும் கொடுத்து. பிறகு எஸ்எம்எஸ் அனுப்புபவர் பெயராக வரும் ஆறெழுத்து ஹெடர். பிறகு மெசேஜின் வாசகத்தை அப்படியே கொடுத்து, ஓடிபி எண் வரும் இடத்தை மட்டும் குறியிட்டு, ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலான வாசகத்தோடு அனுப்புவது பொருந்தாவிட்டால் மெசேஜ் நடுவழியில் நின்றுவிடும். நம் பக்கம் சர்வர் லாகில் ‘அனுப்பியாயிற்று’ என்றே இருக்கும். கிளையன்ட்டின் ஆவணங்களைத் திரட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒப்புதல் வருவதற்கு நாட்கணக்கில் ஆகும் என்பதால், குழுவின் பட்டியலில் புது வேலையின் முதல் நாள் முதல் வரி கிட் க்ளோன் இல்லை. டிஎல்டிக்கு விண்ணப்பம் போடுவது.